பிள்ளையின் கையை யார் பார்க்கிறார்கள்?

சங்கரன்கோவில் பக்கம் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. மூன்று மாதம் ஆனால், "பிள்ளைக்குக் கழுத்து நின்னுட்டா?" ஐந்தாறு மாதத்தில், "குப்புற விழுந்துட்டாளா?" எட்டு மாதத்தில், "தவழுதானா?" ஆண்டு நிறைவு நெருங்கிவிட்டால், "இன்னும் நடக்கலையா?" என்று அடுத்த தெருக்காரரும் நிறுத்திக் கேட்பார். சில வீடுகளில் குழந்தை குப்புற விழுந்த அன்று கொழுக்கட்டை அவிப்பதும் உண்டு. இந்த விசாரிப்புகள் எல்லாம் கழுத்து, முதுகு, கால் என்று இறங்கி நடையில் போய் முடிகின்றன. கை என்ன செய்கிறது என்று கேட்டவரைக் காண்பது அரிது.

ஆச்சிமார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உலக சுகாதார நிறுவனமே அப்படித்தான் கேட்டது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் அது ஓர் அட்டவணை வெளியிட்டது. பிடிமானமின்றி உட்காருதல், தவழ்தல், பிடித்துக்கொண்டு நிற்றல், பிடித்துக்கொண்டு நடத்தல், தனியே நிற்றல், தனியே நடத்தல் என்று அதில் ஆறு படிகள். எட்டி எடுப்பது, பிடிப்பது, கைமாற்றுவது எதுவும் அதில் இல்லை. அந்த அட்டவணையால் நமக்குக் கிடைத்த நன்மை வேறு. தனியே நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று அது காட்டியது. நூற்றுக்கு நாலு குழந்தைகள் தவழாமலே நடந்துவிட்டதையும் அது பதிவு செய்தது. 15 மாதமாகியும் நடக்கவில்லையே என்று கோயில் கோயிலாக அலையும் தாய்க்கு இந்த எண்களை யாராவது சொல்ல வேண்டும்.

ஆக, கால் தாமதமாவது பெரும்பாலும் இயல்பின் எல்லைக்குள்தான் இருக்கிறது. கை அப்படியில்லை. குழந்தையின் மூளை எப்படி வளர்கிறது என்பதைக் கால் சொல்வதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே கை சொல்லிவிடுகிறது. அந்த மாதங்களில் நாம் கையைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் அது இறுகப் பற்றிக்கொள்ளும். தந்தையர் நெகிழ்ந்து போகும் கணம் அது. அந்தப் பிடியில் அன்பு ஏதும் கலந்திருப்பதாகத் தெரியவில்லை. அது அனிச்சைச் செயல், கருவில் ஏறத்தாழ நான்காம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. 1891-இல் லூயிஸ் ராபின்சன் என்ற ஆங்கில மருத்துவர், பிறந்து சிறிது நேரமே ஆன குழந்தைகள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட சிசுக்களைக் கைத்தடியைப் பற்றித் தொங்கவிட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை பத்து நொடிக்குக் குறையாமல் தம் எடையைத் தாமே தாங்கின. இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது என்பது வேறு விஷயம். குரங்குக் குட்டி தாயின் ரோமத்தைப் பற்றிக்கொள்ளும் பழைய பழக்கத்தின் மிச்சமாக அவர் அதைப் பார்த்தார். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் இந்தப் பிடி மறைகிறது. அது மறைந்தால்தான் விரும்பி எடுப்பதும் விரும்பி விடுவதும் வரும்.

பிடியைத் தவிர, முதல் வாரங்களில் குழந்தை கைகளை வீசிக்கொண்டே இருக்கிறதே, அது என்ன? நெடுங்காலம் இதற்கு விடை, ஒன்றுமில்லை என்பதுதான். நரம்புகள் முதிராத குறை, தானாக அடங்கிவிடும் என்றார்கள். அந்த விடையைச் சாய்த்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது 1995-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆட்ரி வான் டெர் மீரும் சகாக்களும் பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைத்து, மணிக்கட்டில் நூல் கட்டி, கையைக் காலை நோக்கி மெல்ல இழுக்கும்படி சிறு எடை தொங்கவிட்டார்கள். குழந்தை தன் கண்ணுக்குத் தெரிந்த கையை மட்டும் இழுவையை எதிர்த்துத் தூக்கி வைத்துக்கொண்டது. தெரியாத கையை விட்டுவிட்டது. மறுபக்கத்துக் கையைத் தொலைக்காட்சித் திரையில் காட்டினால் அந்தக் கையைத் தூக்கியது. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு சோதனை: இருட்டறையில் ஒரே ஒரு மெல்லிய ஒளிக்கற்றை. குழந்தைகள் கையை அந்த ஒளிக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டன. ஒளியை நெருங்கும்போதே வீச்சின் வேகத்தைக் குறைத்தன. கண்ணும் கையும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் வேலை முதல் மாதத்திலேயே நடக்கிறது. நாம் உதறல் என்று நினைத்தது அந்த வேலைதான்.

இதைப் படித்த பிறகு, பிறந்த குழந்தையின் இரு கையிலும் மாட்டிவிடும் துணி உறையைப் பார்த்தால் எனக்கு நெருடுகிறது. முகத்தைக் கீறிக்கொள்ளும் என்று இரவும் பகலும் அதைப் போட்டு வைக்கிறோம். குளியலுக்கு மட்டும் கழற்றுகிற வீடுகளும் உண்டு. கண் பார்க்க வேண்டிய விரல், வாய் சுவைக்க வேண்டிய விரல், மறு கை தொட வேண்டிய விரல் எல்லாம் பைக்குள் கிடக்கின்றன. வாரம் ஒருமுறை, குழந்தை தூங்கும்போது நகத்தை வெட்டிவிட்டால் முடிந்தது. சேலைத் தொட்டிலைப் பற்றியும் இதே சந்தேகம் எழலாம். விசைத்தறி ஓடும் வீடுகளில், தறிச் சத்தத்துக்கு நடுவே உத்தரத்தில் தொங்கும் தொட்டில்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம். தூங்குவதற்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். விழித்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருப்பதுதான் சிக்கல். சேலைக்குள் கையும் வீச முடியாது, கண்ணுக்கும் சேலையின் நிறத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. தஜிகிஸ்தானில் 'கஹ்வோரா' என்ற தொட்டிலில் கைகாலைத் துணியால் கட்டிக் குழந்தைகளைப் பல மணி நேரம் படுக்க வைக்கிறார்கள். லானா காரசிக் என்ற உளவியலாளரின் குழு அதை நேரில் ஆராய்ந்தது. பழக்கம் எவ்வளவு மாறுபட்டாலும் குழந்தை வளர்ந்துவிடுகிறது, ஆனால் எந்தத் திறன் எப்போது வரும் என்பதைப் பழக்கம் தள்ளிப்போடவும் முன்னே இழுக்கவும் செய்கிறது என்பதே இத்தகைய ஆய்வுகளின் பொதுச் செய்தி. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் சார்லஸ் சூப்பர் 1970-களில் கண்டதும் அதுதான். உட்காரவும் நடக்கவும் அங்கே தாய்மார் பயிற்சி தருகிறார்கள். அவை சீக்கிரம் வருகின்றன. பயிற்சி தராத தவழ்தல் முந்தி வருவதில்லை.

மூன்று மாத வாக்கில் விரல்கள் விரிகின்றன. அதுவரை முட்டியாக இருந்த கையைக் குழந்தை முகத்துக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்க்கும். சற்றுப் பொறுமையாகக் கூட இருந்தால் இன்னொன்றும் தெரியும்: ஒரு கை மறு கையைத் தற்செயலாகத் தொடும், உடனே இரண்டும் நின்றுவிடும், பிறகு விரல்கள் ஒன்றையொன்று தடவத் தொடங்கும். தொட்டதும் தொடப்பட்டதும் தானே என்று உடம்பு கண்டுகொள்ளும் நேரம் அது.

அடுத்து எட்டிப் பிடித்தல். இதைப் பற்றிய நம் எண்ணத்தை மாற்றியவர் அமெரிக்காவின் எஸ்தர் தீலன். கேப்ரியல், ஹன்னா, ஜஸ்டின், நேதன் என்று நான்கு குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் அவர்களது கையசைவை அளந்தார். ஆய்வு 1993-இல் வெளியானது. கேப்ரியல் ஓயாமல் இரு கையையும் படபடவென்று அடிக்கும் பிள்ளை. ஹன்னா அமைதி; கையை அசைப்பதே குறைவு. பொம்மையை எட்டிப் பிடிக்க இருவரும் எதிரெதிர்ப் பாதையில் வந்தார்கள். கேப்ரியல் தன் வேகத்தை அடக்கக் கற்க வேண்டியிருந்தது. ஹன்னாவோ கையைத் தூக்கப் போதிய விசையைக் கூட்ட வேண்டியிருந்தது. நால்வரும் 12 முதல் 22 வாரத்துக்குள் எட்டிப் பிடித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் அர்னால்ட் கெசல் போன்றவர்கள், மூளை தன் கால அட்டவணைப்படி முதிர்ந்து ஒவ்வொரு திறனாக வெளியிடுகிறது என்று நம்பினார்கள். தீலன் காட்டியது வேறு. தன் கையின் எடை, தன் வீச்சின் வேகம், தான் படுத்திருக்கும் நிலை ஆகியவற்றோடு ஒவ்வொரு குழந்தையும் தானே மல்லுக்கட்டி விடை காண்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதே என்று நாம் சொல்வதற்கு இதைவிட உறுதியான ஆதாரம் எனக்குத் தெரியாது.

கண் கையை வழிநடத்தினால்தான் எட்டிப் பிடிக்க முடியும் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. ரேச்சல் கிளிஃப்டனும் சகாக்களும் அதே 1993-இல், இருட்டில் ஒளிரும் அல்லது ஒலிக்கும் பொருளைக் காட்டிச் சோதித்தார்கள். தங்கள் கையைப் பார்க்க முடியாத நிலையிலும் குழந்தைகள், வெளிச்சத்தில் எட்டிப் பிடிக்கத் தொடங்கும் அதே வயதில்தான் இருட்டிலும் பிடித்தன. கை எங்கே இருக்கிறது என்பதை அதற்குள் தசையும் மூட்டுமே சொல்லப் பழகிவிட்டன. முதல் மாதங்களில் கையைப் பார்த்துப் பார்த்துச் செய்த பாடம் வீண்போகவில்லை என்று நான் இதைப் படிக்கிறேன்.

இதைத் துரிதப்படுத்த முடியுமா என்ற ஆசை யாருக்கும் வரும். ஏமி நீதமின் குழு 2002-இல் மூன்று மாதக் குழந்தைகளுக்கு வெல்க்ரோ ஒட்டிய கையுறை மாட்டி, தொட்டாலே பொம்மை ஒட்டிக்கொள்ளும்படி செய்தது. இரண்டு வாரம் விளையாடிய பிள்ளைகள் பொருள்களில் கூடுதல் ஆர்வம் காட்டின. பின்னால் வந்த மீளாய்வுகள் இந்த விளைவை அவ்வளவு உறுதியானதாகக் கருதவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கும் எதையும் இதற்காக வாங்க வேண்டியதில்லை. ஓலைக் கிலுகிலுப்பையும் வசம்பு வளையலும் போதும்.

ஆறு மாதம் நெருங்கும்போது கையின் கதை முதுகோடு சேர்ந்துகொள்கிறது. உட்காரப் பழகாத குழந்தை விழாமலிருக்கக் கையை ஊன்றியாக வேண்டும். அந்தக் கை வேறு வேலைக்கு ஆகாது. முதுகு நின்றால் கைக்கு விடுதலை. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது ஏறத்தாழ அப்போதுதான் வருகிறது. பிடியும் மாறிக்கொண்டே போகிறது. எச்.எம். ஹால்வர்சன் 1931-இலேயே குழந்தைகள் சிறு கட்டையை எடுப்பதைப் படம்பிடித்து, பிடியின் படிகளை வரிசைப்படுத்தினார். முதலில் உள்ளங்கையோடு சேர்த்து அமுக்கி வாரும். பிறகு பெருவிரல் பக்கம் பிடி நகரும். ஒன்பது பத்து மாதத்தில் பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சந்திக்கும். அன்றிலிருந்து தரையில் கிடக்கும் கடுகு, எறும்பு, தறி வீட்டில் நூல் துணுக்கு எதுவும் தப்பாது. சங்கரன்கோவிலில் பூசையறைத் தட்டில் இருக்கும் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணும் தப்பாது. கையில் எடுத்ததை வாயில் வைப்பதைக் கெட்ட பழக்கம் என்று நினைக்க வேண்டாம். மூச்சுக்குழலில் சிக்கும் கடலை, மணி, பொத்தான் மட்டும் தரையில் கிடக்கக் கூடாது.

கடைசியாக வருவது விடுதல். ஓராண்டுக் குழந்தை கரண்டியைக் கீழே போடும், நாம் எடுத்துக் கொடுப்போம், மறுபடி போடும். பிடிவாதம் என்று கோபப்படுகிறோம். வேண்டுமென்றே விரலைத் திறந்து ஒரு பொருளை விடுவது, பிடிப்பதைவிடப் பிந்தி வரும் நுட்பமான திறன். குழந்தை பயிற்சி செய்கிறது. பத்துமுறை எடுத்துக் கொடுங்கள்.

கையைப் பார்க்கும் கண் தமிழுக்குப் புதிதில்லை. சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே ராஜபாளையம் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர், பெரியாழ்வாரின் ஊர். கண்ணனைக் குழந்தையாக வைத்துச் செங்கீரையும் சப்பாணியும் தளர்நடையும் அவர் பாடினார். பின்னால் அதிலிருந்து பிள்ளைத்தமிழ் என்ற தனி வகையே கிளைத்தது. பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் தமக்குள் வேறுபடும். பொதுவாக, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதமும், இரு கையையும் சேர்த்துத் தட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதமும் சொல்வார்கள். நடந்துவரும் வருகைப் பருவம் ஆண்டு நிறைந்த பிறகே. பாட்டுக்காக வகுத்த பருவங்களை மருத்துவ அட்டவணையாக வாசிப்பது அசட்டுத்தனம். ஆனாலும் நடைக்கு முன்பே கைக்கு இரண்டு பருவம் ஒதுக்கியவர்கள் பிள்ளைகளை உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில், குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயரும் சகாக்களும் 1991-இல் ஒரு பக்க அளவில் ஒரு வளர்ச்சி அட்டவணை வெளியிட்டார்கள். பிறப்பு முதல் இரண்டு வயதுவரை 17 திறன்கள். பரோடாவில் பிரமிளா பாடக் இந்தியக் குழந்தைகளை அளந்து உருவாக்கிய அளவுகோலிலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கோடு. குழந்தையின் வயதுக்கு நேரே பேனாவை நெட்டுக்குத்தலாக வைத்தால், அதற்கு இடப்பக்கம் முடிந்துபோன கோடுகள் எல்லாம் இதற்குள் வந்திருக்க வேண்டிய திறன்கள். வராதது ஏதும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், அவ்வளவுதான். அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடத்தில் முடிக்கலாம். கைமாற்றுவதும், விரல் நுனியால் பொறுக்குவதும், சப்பாணி கொட்டுவதும் அதில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு படிகளைவிட இந்த ஒற்றைத் தாளை நான் நம்புவேன்.

கையில் கோளாறு தெரிந்தால் எதற்கு அவசரம்? நான்கு மாதம் கடந்தும் பெருவிரலை உள்ளே மடக்கிய முட்டி விரியவில்லை; ஒரு கை மட்டும் வீசுகிறது, மறு கை உடம்போடு ஒட்டியிருக்கிறது; ஆறு மாதத்திலேயே எல்லாவற்றையும் ஒரே கையால் எடுக்கிறது. இவை மூளை முடக்குவாதத்தின் முதல் அடையாளங்களாக இருக்கலாம். மூன்றாவது அடையாளம்தான் வீட்டில் ஏமாற்றுவது. "இடக்கைப் பிள்ளை, அவங்க தாத்தா மாதிரி" என்று பெருமையாகச் சொல்வார்கள். முதல் ஆண்டில் குழந்தைக்கு நிலையான கைப்பழக்கம் இருக்கக் கூடாது. இருந்தால், ஒரு கை கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்பதைவிட மறு கை முடியாமல் இருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அவசரத்தின் காரணம் நரம்பியலில் இருக்கிறது. பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியும் இரு கைகளுக்கும் நரம்பு இணைப்பு வைத்திருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் போட்டி நடக்கிறது: அதிகம் பயன்படும் இணைப்பு பலப்படும், பயன்படாதது ஒற்றையடிப் பாதையில் புல் மூடுவதுபோல் மறையும். இயல்பாக, இடப்பக்க மூளை வலக்கையையும் வலப்பக்க மூளை இடக்கையையும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு பாதி மூளை காயப்பட்டிருந்தால், அது ஆள வேண்டிய கைக்கான பாதை போட்டியில் தோற்றுப்போகிறது. பிரிட்டனின் ஜேனட் எயர் குழுவின் ஆய்வுகள் இதைக் காட்டின. அதனால்தான் ஸ்வீடனில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் போன்றோர், ஓராண்டு நிறையுமுன்பே நல்ல கையைத் தினமும் சிறிது நேரம் மூடிவைத்து, முடியாத கையை விளையாட வைக்கும் பயிற்சியைக் கொண்டுவந்தார்கள். மூன்று வயதில் தொடங்கினால் அந்தப் போட்டி முடிந்திருக்கும்.

அதைவிடவும் முந்திப் பார்க்க வழி இருக்கிறது. ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆஸ்திரிய அறிஞர், ஏறத்தாழ 9 முதல் 20 வாரம்வரை இயல்பான குழந்தையின் கழுத்து, உடம்பு, கைகால் முழுவதும் ஓயாமல் ஓடும் ஒரு சிறு துடிப்பசைவைக் கண்டார். அது அறவே இல்லாத குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னால் மூளை முடக்குவாதம் உறுதியானது. அவரது குழு 130 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1997-இல் 'லான்செட்' இதழில் எழுதியது. இதற்கு ஸ்கேன் வேண்டாம். குழந்தை விழித்து, அழாமல், மல்லாந்து கிடக்கும்போது எடுத்த மூன்று நான்கு நிமிடக் காணொளியும், அதைப் படிக்கப் பயிற்சி பெற்ற ஒரு கண்ணும் போதும்.

பயிற்சி பெற்ற கண்ணுக்கு இந்த மாவட்டத்தில் முழுப் பஞ்சம் என்று சொல்ல மாட்டேன். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. பொறியியல் மாணவராக 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர் அவர். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். சங்கத்தின் சமூகப் பணியாளர்கள் கைபேசிச் செயலியோடு கிராமங்களில் வீடு வீடாகப் போய், வளர்ச்சி தாமதமான ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். இயன்முறை, செயல்முறை, பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் அவர்களை வழிநடத்துகிறார்கள். வாரம் மூன்று நாள் பேருந்து ஏறி நகரத்துக்கு வா என்றால் தறி வேலையை விட்டு எந்தத் தாய் வருவாள்? நிபுணரின் கண்ணை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இது. அரசின் பக்கம், 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உண்டு.

ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை வரும் குழு ஒன்பது வாரக் குழந்தையின் கையைப் பார்க்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்த வயதில் தவறாமல் நடப்பது தடுப்பூசி. 6, 10, 14 வாரங்களில் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படியும் கொண்டுபோகிறோம். பத்தாவது வாரமும் பதினான்காவது வாரமும் பிரெக்டல் சொன்ன காலத்துக்கு உள்ளேதான் விழுகின்றன. ஒன்பது மாதத்துத் தட்டம்மை ஊசி, விரல் நுனிப் பிடிக்கும் சப்பாணிக்கும் சரியான வயது. புதிதாக முகாம் வைக்க வேண்டியதில்லை. ஊசி போட்ட பிறகு குழந்தை அழும், அப்போது எதையும் பார்க்க முடியாது என்பதால், ஊசிக்கு முன்பே செவிலியர் இரண்டு நிமிடம் அதைத் துணியில் மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும்: இரு கையும் விரிகின்றனவா, இரண்டும் நெஞ்சுக்கு நேரே வந்து சந்திக்கின்றனவா? புதன்கிழமைக் கூட்டத்தில் அதற்கும் நேரமில்லை என்றால், முந்தின நாள் மாலை, எண்ணெய்க் குளியலும் தூக்கமும் முடிந்து குழந்தை தெளிவாக விழித்துக் கிடக்கும்போது, உறையைக் கழற்றிவிட்டுக் கைபேசியில் நான்கு நிமிடம் எடுத்து வைத்துக்கொண்டு போகலாம். கைகால் முழுவதும் தெரிய வேண்டும், பக்கத்தில் நின்று யாரும் கிலுக்கக் கூடாது.